கிளைடரும் சூளை சூப்பர்வைசரும்

எங்கள் ஊரில் ரிமோட் விமானம் பறக்கவிடுகிறவர்கள், எனக்குத் தெரிந்து, இரண்டே பேர். ஒருவர் நான் வேலை செய்யும் செராமிக் ஃபேக்டரியில் சூளை சூப்பர்வைசராக இருந்தவர். இன்னொருத்தி நான். ஊரில் இரண்டே பேர் என்றால் நியாயமாகக் கூட்டாளிகளாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவருக்கும் என்னை அப்படித்தான்.

அவரை முதலிலிருந்தே எனக்குப் பிடிக்காது. நான் அச்சுப் பிரிவில் இருக்கிறேன். பீங்கான் சாமான் எதுவானாலும் முதலில் பிளாஸ்டரில் ஓர் அச்சு வேண்டும். அதில்தான் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். விருத்தாசலத்திலேயே செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் அச்சு மேஜைக்கு வந்தேன். இப்போது நாற்பத்தைந்து. சூளையிலிருந்து எடுக்கும்போது சாமான் வெடித்திருந்தால் அவர் நேராக என் மேஜைக்கு வருவார். "மோல்டு ஈரம்மா" என்பார். அவ்வளவுதான். காரணம் கேட்டால் பதில் வராது. முதலாளி முன்னாலும் அதையேதான் சொல்வார்.

கிளைடர் ஆசை எனக்கு வந்ததும் அவருடைய சூளையால்தான். மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்காருவோம். சூளைப் புகைபோக்கிக்கு மேலே எப்போதும் நாலைந்து பருந்துகள் வட்டமடிக்கும். இறக்கையை அடிக்காது. சுற்றிக்கொண்டே மேலே போய்க்கொண்டிருக்கும். சூளையின் சூடான காற்று அவற்றைத் தூக்குகிறது என்பது டிப்ளமோ படித்த எனக்கே வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அப்புறம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கோ ஒரு மலைச்சரிவில் ஒருவர் இன்ஜினே இல்லாத விமானத்தை அந்தப் பருந்து மாதிரி சுற்றவிட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமைகளில் வறண்ட ஏரியில் தெர்மாகோல் விமானம் விடுவார் என்பது ஃபேக்டரியில் எல்லாருக்கும் தெரியும். பிடிக்காதவரானாலும் கேட்பதில் என்ன என்று டீ நேரத்தில் போய்க் கேட்டேன்.

"சார், இன்ஜின் இல்லாம கிளைடர் ஒண்ணு செய்யலாம்னு பாக்கறேன். எங்கேந்து ஆரம்பிக்கறது?"

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"ஏம்மா, பொம்மைக்கு மோல்டு போடறியே, அதுவே ஒழுங்கா வரல. நீ பிளேன் செய்யப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். என்னோடு தினமும் ஒன்றாய்ச் சாப்பிடுகிறவர்களும் சிரித்தார்கள். நான் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் இனி ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று முடிவு செய்தது அப்போதுதான். நான் செய்த முதல் தப்பும் அதுதான் என்று பின்னால் தோன்றியது. ஆனால் அதையும் அவர் கணக்கில்தான் நான் எழுதினேன்.

வரைபடத்தை இணையத்தில் வாங்கி, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்சடித்தேன். இரண்டு மீட்டர் இறக்கை. பால்சா மரப்பலகைகள் பார்சலில் வந்தன. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. நகம் பட்டால் பள்ளம் விழுந்தது. என் வீட்டுக்காரர் பெண்ணாடம் போகும் தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். பார்சலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமில்லயே, ஏமாத்திட்டானா?" என்றார்.

இறக்கை கட்டுவதற்கு முதலில் கோணாத தரை வேண்டும். எங்கள் வீட்டில் கோணாத இடமே கிடையாது. சாப்பாட்டு மேஜை நடுவில் குழிந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு யாருடைய யோசனையும் தேவைப்படவில்லை. முதலாளியிடம் கேட்டு, கழித்துப் போட்ட பிளாஸ்டரில் நான்கடி நீளத்துக்கு ஒரு பலகை வார்த்தேன். இரும்பு அளவுகோலை அதன் மேல் செங்குத்தாக நிறுத்தி, மறுபக்கம் டார்ச் அடித்தால் வெளிச்சம் கசியக் கூடாது. கசிகிற இடங்களைத் தேய்த்துத் தேய்த்து நாலு நாளில் சரியாக்கினேன். வீட்டுக்காரர் அதை பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிறுத்திக் கொண்டுவந்தார். ஏறிய ஒருவர் அதைக் கல்லறைக் கல் என்று நினைத்து, யார் தவறிவிட்டார்கள் என்று துக்கம் விசாரித்தாராம்.

அந்தப் பலகை மேல் வரைபடத்தைப் பரப்பி, விலா எலும்பு போல வெட்டிய மெல்லிய துண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஓர் இறக்கைக்குப் பதினான்கு. குறுக்கே ஓடும் நடுச்சட்டம் அவற்றைக் கோர்க்கும். நுனிப் பக்கம் பின்விளிம்பு மட்டும் மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வேகம் குறையும்போது இறக்கையின் நுனி முதலில் தொய்ந்து, விமானம் சுழன்று விழும். மூன்று மில்லிமீட்டரைக் கண்ணால் பிடிக்க முடியாத வேலையா நான் இருபது வருஷமாகச் செய்கிறேன்? ஒவ்வொரு விலாவை ஒட்டும்போதும் சூப்பர்வைசரின் குரல் காதில் கேட்டது. ஒழுங்கா வரல, ஒழுங்கா வரல. அந்தக் கோபத்தில்தான் இறக்கை அவ்வளவு ஒழுங்காக வந்தது என்று நினைக்கிறேன்.

மேலே ஒட்டுவது சிவப்பு பிளாஸ்டிக் படலம். இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால் சுருங்கி, மத்தளத் தோல் மாதிரி இறுகிவிடும். வலது இறக்கையில் அது இறுகும்போது மரத்தையும் சேர்த்து முறுக்கிவிட்டது. நுனி கீழே பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"என்னாங்க, இந்த முனையைப் புடிச்சு லேசா மேல திருகுங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

"ஒடஞ்சிடப் போவுது."

"ஒடைஞ்சா நான் பாத்துக்கறேன். திருகுங்க."

ஸ்டியரிங் பிடித்த கை. அசையாமல் பிடித்துக்கொண்டார். நான் படலத்தைத் திரும்பவும் சூடாக்கி, அது ஆறும்வரை இருவரும் அப்படியே நின்றோம். கையை எடுத்தபோது நுனி சரியாக மூன்று மில்லிமீட்டர் தூக்கி நின்றது. "சோறு வெக்கறியா?" என்றார். அன்றைக்கு நான் சமைக்கவே இல்லை. அதற்கு ஒரு சண்டை நடந்தது.

உடம்புக்குள் இரண்டு சிறிய மோட்டார்கள். சர்வோ என்பார்கள். ஒன்று வாலில் படுக்கையாக இருக்கும் பலகையை அசைத்து விமானத்தை ஏற்றி இறக்கும். இன்னொன்று ரட்டரை, அதாவது வாலில் செங்குத்தாக நிற்கும் பலகையை, இடம் வலம் திருப்பும். எல்லாம் பொருத்தியபின் எடையைச் சமன் பார்க்க வேண்டும். கழித்துப் போட்ட மின்கம்பத்துப் பீங்கான்கள் இரண்டைக் கவிழ்த்து, இறக்கையின் அடியில் நான் போட்ட சமநிலைக் கோடு அவற்றின் உருண்டை முனையில் உட்காரும்படி தாங்க வைத்தேன். வால் தாழ்ந்தது. மீன் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை மூக்குக்குள் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்பதாவது குண்டில் விமானம் நேராக நின்றது. கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது ஆவணி மாதம். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நானும் வீட்டுக்காரரும் போனபோது சூப்பர்வைசர் ஏற்கெனவே அங்கே இருந்தார். கூட அவருடைய நண்பர், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர். நான் அவர்களைப் பார்க்காத மாதிரி நூறடி தள்ளிப் போய் முளை அடித்தேன். இந்த வகை விமானத்தை ஏற்ற, நீளமான ரப்பர் குழாயும் நைலான் கயிறும் வேண்டும். குழாயை முளையில் கட்டி, மறுமுனையை விமானத்தின் வயிற்றுக் கொக்கியில் மாட்டி, பின்னால் இழுத்துவிட்டால் உண்டிவில் மாதிரி தூக்கிப் போட்டுவிடும்.

சூப்பர்வைசர் நடந்து வந்தார். விமானத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். இறக்கையின் நுனியைக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ மாறியதை நான் கவனித்தேன். வேலை நன்றாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"ரட்டர ஆட்டிக் காட்டு" என்றார், வாலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு.

நான் மூக்குக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ரிமோட்டில் குச்சியை வலது பக்கம் தள்ளினேன். பலகை என் வலது கைப் பக்கம் திரும்பியது.

"இடது."

இடது தள்ளினேன். இடது பக்கம் திரும்பியது.

"சரி. விடு" என்றார். சிரித்தார்.

நான் விமானத்துக்கு எதிர்முகமாக உட்கார்ந்திருந்தேன். என் வலது அதற்கு இடது. ரட்டர் முழுக்கத் தலைகீழாக வேலை செய்தது. வாலுக்குப் பின்னால் நிற்கிற ஒருவருக்கு அது கண்ணில் குத்துகிற மாதிரி தெரியும்.

வீட்டுக்காரர் பின்னால் இழுத்துப் போய்க் கையை விட்டார். விமானம் சீறிக்கொண்டு ஏறியது. தென்னைமர உயரம் தாண்டியது. லேசாக இடது பக்கம் சாய்ந்தது. நான் வலது கொடுத்தேன். இன்னும் இடதாகச் சாய்ந்தது. பதறி முழு வலது கொடுத்தேன். சுருண்டு, மூக்கைக் கீழே திருப்பிக்கொண்டு, காய்ந்து வெடித்த ஏரி மண்ணில் இறங்கியது. ஐந்து மாத வேலை, ஐந்து விநாடி இருந்திருக்கும்.

உடைந்த துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது செல்போன் கடைக்காரர் உதவ வந்தார். நல்ல மனிதர். வாய் நிற்காது. "அண்ணன் அப்பவே சொன்னாரு, ரட்டரு ரிவர்ஸா இருக்குது, இது மேல போயி கீழதான் வரும்னு" என்றார்.

நான் சாக்கைப் போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் நேராகப் போனேன்.

"நீங்க பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"பாத்துட்டு எதுக்கு சார் விடுன்னு சொன்னீங்க?"

"சொல்லியிருந்தா நாளைக்கே மறந்துடுவ. இனிமே சாவற வரைக்கும் மறக்க மாட்ட" என்றார். அவர் தன் விமானத்தின் பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

அவர் சொன்னது உண்மை. இன்றுவரை ஒவ்வொரு முறையும் வாலுக்குப் பின்னால் போய் நின்றுதான் ரட்டரைச் சோதிக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவரைத் திட்டிக்கொண்டேதான் சோதிக்கிறேன்.

சாக்கை வண்டியில் போட்டுக்கொண்டு வீடு வந்தோம். இறங்கும்போது வீட்டுக்காரர், "போயி ரெண்டு தட்டு தட்டிட்டு வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். எனக்கு வேறு வழி தெரிந்திருந்தது.

இதைச் சொல்லத்தான் வேண்டும். சூளையில் சாமான் வெடிப்பதற்குக் காரணம் என் அச்சு இல்லை என்பது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். எந்த அச்சை எந்தத் தேதியில் வார்த்தேன், எப்போது காய்ந்தது, எந்தச் சூளையில் வைத்தார்கள் என்றெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். சூப்பர்வைசர் அவசரத்தில் வெப்பத்தை வேகமாக ஏற்றுகிற நாட்களில்தான் வெடித்தது. மற்றவர்கள் சூளையைப் பார்த்துக்கொண்ட நாட்களில், அதே அச்சில், ஒன்றும் ஆகவில்லை. அவர் என் மேல் பழி போட்டபோதெல்லாம் நான் நோட்டை எடுக்கவில்லை. வம்பு எதற்கு என்று இருந்தேன். ஏரிக்குப் போய்வந்த மறுவாரம், பெரிய ஆர்டர் ஒன்று பாதிக்குமேல் வெடித்து வெளியே வந்தது. அவர் வழக்கம்போல என் மேஜைக்கு வந்து, முதலாளி முன்னால், "மோல்டு ஈரம்" என்றார். நான் நோட்டை எடுத்து முதலாளி கையில் கொடுத்தேன்.

முதலாளி நின்றுகொண்டே பக்கம் பக்கமாகப் படித்தார். "இத ஏம்மா முன்னாடியே காட்டல?" என்றார்.

"யாரும் கேக்கல சார்."

முதலாளி அறையிலிருந்து அரைமணி நேரம் சத்தம் கேட்டது. சூளைப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அவரை குடோனுக்கு அனுப்பினார்கள். அங்கே அட்டைப்பெட்டி எண்ணி அடுக்குகிற வேலை. அன்று மதியம் நான் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டு வருஷம் தெரிந்து வைத்துக்கொண்டு, எந்த நாளில் சொன்னால் அதிகம் வலிக்குமோ அந்த நாளுக்காக நானும் காத்திருந்தேனா என்ற கேள்வி அப்போது வரவில்லை. வந்தபிறகும் அதற்கு நான் பதில் சொல்லிக்கொண்டதில்லை.

மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து திரும்பக் கட்டினேன். இறக்கையில் பாதி தப்பியிருந்தது. மூக்கும் உடம்பும் புதிது. ஏரியில் தண்ணீர் வந்துவிட்டது, வந்திராவிட்டாலும் அங்கே போயிருக்க மாட்டேன். பெண்ணாடம் ரோட்டில், கரும்பு வெட்டி முடித்த ஒரு கொல்லையை வீட்டுக்காரர் பார்த்துவைத்தார். அதன் சொந்தக்காரர் அவருடைய பஸ்ஸில் தினமும் வருகிறவர். "ஏத்திக்கோங்க, எறக்கிக்கோங்க, பக்கத்துக் கொல்லைக்காரன் மேல மட்டும் போட்டுடாதீங்க" என்று அனுமதி கொடுத்தார்.

தை கடைசியில் முதல் தடவை பறந்தது. முதலில் கையால் வீசி, நேராகப் போகிறதா என்று பத்துப் பதினைந்து தடவை பார்த்தேன். அப்புறம்தான் ரப்பரில் ஏற்றினேன். மேலே போனதும் கயிறு தானாகக் கழன்று விழுந்தது. சத்தமே இல்லை. நான் வலது என்றால் வலது போனது. இரண்டு நிமிஷம் சுற்றிவிட்டு என் காலடிக்கு இருபதடியில் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஏ, எறங்கிடுச்சு" என்றார், ஏதோ நான் அதைப் பார்க்கவே இல்லை என்பது மாதிரி.

மாசியில் ஒரு ஞாயிறு மதியம் நான் ஆசைப்பட்டது நடந்தது. காய்ந்த கரும்புச் சோகையை எரித்த கருப்புத் தரைக்கு மேலே இரண்டு பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. கிளைடரை அங்கே கொண்டுபோனேன். ஓர் இறக்கை தானாக மேலே தூக்கியது. சூடான காற்று அங்கேதான் என்று அந்தப் பக்கமே திருப்பினேன். ஏற ஆரம்பித்தது. பருந்துகளோடு சேர்ந்து சுற்றியது. இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம். கழுத்து வலித்தது. சிவப்பு இறக்கை ஒரு கோடாக ஆகியது, அப்புறம் புள்ளியாக. இறக்க வேண்டும் என்று தோன்றியபோது அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மூக்கைத் தாழ்த்தினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒருமுறை இமைத்தேன். மறுபடி பார்த்தபோது வானத்தில் பருந்துகள் மட்டும் இருந்தன.

வெள்ளாற்றுப் பக்கம் போயிருக்க வேண்டும். இருட்டும்வரை கரும்புக்குள் தேடினோம். ஆள் உயரக் கரும்பில் இரண்டு மீட்டர் இறக்கை என்பது ஒன்றுமே இல்லை. திங்கட்கிழமை ஃபேக்டரியில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. யாரோ குடோனிலும் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சிரித்திருப்பார் என்று நினைத்து நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை காலை வேலைக்குப் போனபோது கிளைடர் என் மேஜை மேல் இருந்தது. வாலில் ஒரு விரிசல். மற்றபடி முழுசாக. வாட்ச்மேனிடம் ஓடினேன்.

"குடோன் சார்தாம்மா ஆறு மணிக்கே கொண்டாந்து வச்சாரு. நேத்து லீவு போட்டுட்டுத் தேடினாராம். காலெல்லாம் சேறு."

"என்னா சொன்னாரு?"

"நான் கேட்டேன், அந்த அம்மாவோடது நீங்க எதுக்கு சார் தேடறீங்கன்னு. பிளேனு என்னா பண்ணுச்சு பாவம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

மதியம் குடோன் வாசலில் அவரைப் பார்த்தேன். முழங்கைவரை கரும்புச் சோகை அறுத்த கோடுகள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என் சாமானைத் தொட இவர் யார் என்று இருந்தது.

வீட்டில் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூக்கில் ஒன்பது ஈயக் குண்டுகளுக்குப் பதில் ஆறுதான் இருந்தன. எடுத்த மூன்றையும் டேப் போட்டு உடம்பின் உள்பக்கமே ஒட்டிவைத்திருந்தார். இறக்கையின் அடியில், நான் போட்ட சமநிலைக் கோட்டுக்கு ஆறு மில்லிமீட்டர் பின்னால், பென்சிலில் மெல்லிசாகப் புதிதாக ஒரு கோடு.

உடனே மூன்று குண்டுகளையும் திரும்ப மூக்கில் போட்டேன். பென்சில் கோட்டை ரப்பர் வைத்து அழித்தேன். அந்த ஞாயிறு அப்படியேதான் பறக்கவிட்டேன். நன்றாகத்தான் பறந்தது. ஆனால் சின்ன வட்டம் போடும்போதெல்லாம் மூக்கைக் கீழே குத்தியது. முன்பும் குத்தியிருக்க வேண்டும், நான் கவனித்ததில்லை. அடுத்த ஞாயிறு, வீட்டுக்காரர் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, மூன்று குண்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கிளைடர் வேறு விமானம் மாதிரி இருந்தது. கையகல அனல்காற்றிலும் நின்று சுற்றியது.

மூன்று வருஷமாக அந்த ஆறு குண்டுகளோடுதான் பறக்கிறது. அவர் இன்னும் குடோனில்தான் இருக்கிறார். நாங்கள் பேசுவதில்லை. ஏரி அவருக்கு, கரும்புக் கொல்லை எனக்கு என்று யாரும் பிரித்துக் கொடுக்காமலே பிரிந்துவிட்டது. போன வாரம் வண்டியில் திரும்பும்போது வீட்டுக்காரர் கேட்டார்.

"அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்த சொன்னியா, எப்பவாவது?"

"இல்ல."

"சொல்லுவியா?"

"மாட்டேன்" என்றேன். அவர் கியரை மாற்றினார். பின்சீட்டில் இறக்கைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கின்றனவா என்று நான் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.